எதிரொலிச் சரம்

நுழையும்முன்

உடலைக் கீறாமல் உள்ளுறுப்புகளைக் காணும் கலை, இருபதாம் நூற்றாண்டின் அரிய அறிவியல் பேறுகளுள் ஒன்று. அக்கலையின் உயர்ந்த வடிவமான காந்த ஒத்ததிர்வுப் படமாக்கத்திற்குத் தொடக்கத்தில் பெருங்குறை ஒன்று இருந்தது. அது மிக மெதுவானது. வலியோடு படுத்திருக்கும் மனிதருக்கு ஒவ்வொரு நிமிடமும் நீண்டது. அந்த நிமிடங்களை விநாடிகளாகச் சுருக்கிய ஓர் எண்ணத்தின் வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

அசையாதிருத்தல் எளிதா?

வைப்பாற்றின் கரையில் அமைந்த சாத்தூர், வெள்ளரிக்கும் காரச்சேவுக்கும் பெயர்பெற்ற ஊர். தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் அவ்வட்டாரத்தின் வாழ்வாதாரங்கள். பேனா நிப்புகள் செய்யும் தொழிலும் ஒரு காலத்தில் அங்குச் செழித்திருந்தது. இத்தொழில்களில் பலவும் தரையில் அமர்ந்து, முதுகை வளைத்து, மணிக்கணக்கில் கையால் செய்யப்படுபவை. ஆண்டுக்கணக்கில் இவ்வாறு உழைக்கும் ஒருவருக்கு இடுப்பில் தொடங்கி ஒரு காலில் இறங்கும் வலி ஏற்படுகிறது என்று கொள்வோம். முதுகெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதா என்பதை மருத்துவர் அறிய வேண்டும். எக்ஸ் கதிர்ப்படத்தில் எலும்பு தெரியும். வட்டும் நரம்பும் தெளிவாகத் தெரியா. எனவே ‘எம்.ஆர்.ஐ.’ எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படம் எடுக்குமாறு அவர் கூறுகிறார்.

படம் எடுப்பவர் கூறும் முதல் அறிவுரை, “அசையாமல் படுத்திருங்கள்” என்பதாகும். படுத்தாலே வலி மிகும் ஒருவருக்கு இது கடினமான கட்டளை. குறுகிய குழல் போன்ற கருவிக்குள், இடிப்பது போன்ற ஓசைக்கு நடுவே, அரைமணி நேரத்திற்கும் மேலாக அசையாதிருப்பது எவருக்கும் எளிதன்று. குழந்தைகளால் அது பெரும்பாலும் இயலாது. சிறிது அசைந்தாலும் படம் கலங்கிவிடும். மீண்டும் முதலிலிருந்து எடுக்க நேரும். ஆகவே, படமெடுக்கும் காலத்தைக் குறைப்பது வசதியைப் பற்றிய சிக்கல் மட்டுமன்று. நோயை அறிய முடியுமா, முடியாதா என்பதையே முடிவுசெய்யும் சிக்கலாகும்.

உடலுக்குள் சுழலும் பம்பரங்கள்

மனித உடலில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஹைட்ரஜன் அணுவின் கருவாகிய புரோட்டான், தற்சுழற்சி என்னும் பண்பைக் கொண்டது. அதனால் அது மிகச்சிறிய காந்தம் போலச் செயல்படுகிறது. இயல்பான நிலையில் இந்தச் சிறு காந்தங்கள் எல்லாத் திசைகளையும் நோக்கியிருக்கும். ஒன்றின் விளைவை மற்றொன்று நீக்கிவிடும்.

மருத்துவமனைகளில் பரவலாக உள்ள கருவியின் காந்தப்புல வலிமை 1.5 டெஸ்லா. இது புவியின் காந்தப்புலத்தைப் போலப் பல பத்தாயிரம் மடங்கு. இப்புலத்திற்குள் உடல் நுழைந்ததும், புரோட்டான்களில் சற்றுக் கூடுதலானவை புலத்தின் திசையைச் சார்கின்றன. அக்கூடுதல், பத்து இலட்சத்திற்கு ஏறத்தாழ ஐந்துதான். ஆயினும், ஒரு துளி நீரிலேயே எண்ணற்ற புரோட்டான்கள் இருப்பதால் அச்சிறு வேறுபாடே அளந்தறியப் போதுமானது.

சுழலும் பம்பரம் தலையாட்டிக்கொண்டே சுழல்வதைப் போல, காந்தப்புலத்தில் புரோட்டான்களும் தலையாட்டிச் சுழல்கின்றன. 1.5 டெஸ்லா புலத்தில் அவை விநாடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 இலட்சம் முறை இவ்வாறு சுழலும். இதே அதிர்வெண் கொண்ட வானொலி அலையைக் குறுகிய துடிப்பாகச் செலுத்தினால், புரோட்டான்கள் அதன் ஆற்றலை ஏற்றுச் சாய்கின்றன. எல்லாம் ஒரே தாளத்தில் சுழலத் தொடங்குகின்றன. இந்நிகழ்வே ஒத்ததிர்வு. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளும்போது சிறு விசையும் பெரிய ஆட்டத்தைத் தருவது போன்றது இது. துடிப்பு நின்றதும், ஒரே தாளத்தில் சுழலும் புரோட்டான்களின் கூட்டம் தானே ஒரு மெல்லிய வானொலிச் சைகையை வெளியிடுகிறது. அதனை ஒரு கம்பிச்சுருள் பெறுகிறது. திண்மங்களிலும் நீர்மங்களிலும் இந்நிகழ்வை 1946ஆம் ஆண்டில் பெலிக்ஸ் பிளாக், எட்வர்டு பர்செல் ஆகியோர் தனித்தனியே நிறுவினர். இதற்காக 1952ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டனர்.

கலைந்தவை மீண்டும் கூடுதல்

அந்தச் சைகை நெடுநேரம் நிலைப்பதில்லை. எந்தக் காந்தமும் எல்லா இடங்களிலும் முற்றிலும் சீரான புலத்தைத் தருவதில்லை. சற்று வலிய புலத்திலுள்ள புரோட்டான் விரைந்து சுழலும்; சற்று மெலிந்த புலத்திலுள்ளது பின்தங்கும். தாளம் கலையும், சைகை மறையும். மறைந்த சைகையை மீட்க முடியும் என்பதைக் கண்டறிந்தவர் அமெரிக்க இயற்பியலாளர் எர்வின் ஹான். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த அவர், இரண்டு வானொலித் துடிப்புகளை அடுத்தடுத்துச் செலுத்தியபோது, எதிர்பாராத நேரத்தில் மூன்றாவதாக ஒரு சைகை தோன்றக் கண்டார். 1950ஆம் ஆண்டு ‘பிசிக்கல் ரிவியூ’ ஆய்விதழில் வெளியான அவருடைய கட்டுரை, அதனைத் ‘தற்சுழற்சி எதிரொலி’ என்று பெயரிட்டு விளக்கியது. இங்கு எதிரொலி என்பது செவிக்குக் கேட்கும் ஒலியன்று. திரும்பி வரும் வானொலிச் சைகையாகும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். சாத்தூரிலிருந்து இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஒரு குழுவினர் நடைப்பயணம் புறப்படுகின்றனர். புறப்படும்போது அனைவரும் ஓரிடத்தில் கூடியிருக்கின்றனர். நடைவேகம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், அரைமணி நேரத்தில் குழு சாலையெங்கும் சிதறிவிடுகிறது. அந்நேரம் பார்த்து, “அனைவரும் திரும்பி நடக்கவும்” என்று ஓர் அறிவிப்பு வருகிறது. விரைந்து நடந்தவர் நெடுந்தொலைவு திரும்ப வேண்டும். மெதுவாக நடந்தவர் சிறிது தொலைவே திரும்ப வேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் பழைய வேகத்திலேயே நடந்தால், அடுத்த அரைமணி நேரத்தில் அனைவரும் ஒரே நொடியில் புறப்பட்ட இடத்தை அடைவர். கலைந்த கூட்டம் மீண்டும் கூடும். அக்கூடலே எதிரொலி. “திரும்பி நடக்கவும்” என்ற அறிவிப்பின் வேலையைச் செய்வது, புரோட்டான்களை 180 பாகை புரட்டும் வானொலித் துடிப்பு.

எல்லாரும் திரும்பி வந்துவிடுவதில்லை. வழியில் மோர்ப்பந்தலில் நின்றவரும், தெரிந்தவரோடு பேசி நேரம் போக்கியவரும் உரிய நொடியில் வந்து சேரார். அதுபோல, அண்டையிலுள்ள மூலக்கூறுகளின் தாறுமாறான தாக்கத்தால் தாளம் தவறிய புரோட்டான்களை 180 பாகைத் துடிப்பால் மீட்க இயலாது. ஆகவே ஒவ்வோர் எதிரொலியும் முந்தையதைவிட மெலிந்தே வரும். இவ்வாறு மெலியும் வேகம் திசுவுக்குத் திசு வேறுபடுகிறது. தசையில் சில பத்து மில்லி விநாடிகளிலேயே சைகை பெரிதும் தேய்ந்துவிடும். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரில் அது ஒரு விநாடிக்கும் மேலாக நிலைக்கும். இவ்வேறுபாடே படத்தில் கருமையாகவும் வெண்மையாகவும் தோன்றுகிறது. மருத்துவருக்கு நோயைக் காட்டிக்கொடுப்பதும் இதுவே.

ஒரே துடிப்போடு நிற்காமல், 180 பாகைத் துடிப்புகளை வரிசையாகச் செலுத்தினால் எதிரொலிகளும் வரிசையாகக் கிடைக்கும் என்பதை 1954ஆம் ஆண்டில் ஹெர்மன் காரும் பர்செலும் காட்டினர். அத்துடிப்புகளில் நேரும் சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேராதவாறு 1958ஆம் ஆண்டில் மைபூம், கில் ஆகியோர் அம்முறையைச் செம்மைப்படுத்தினர். அப்போது அது நீர்மங்களின் பண்புகளை அளக்கும் ஆய்வுக்கூட உத்தியாகவே இருந்தது. மருத்துவத்திற்கு அது பயன்பட மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

சைகை படமாகும் விதம்

உடலெங்குமிருந்து ஒரே சைகை வந்தால், எது எங்கிருந்து வந்தது என்பதை எவ்வாறு அறிவது? அமெரிக்க வேதியியலாளர் பால் லாட்டர்பர் 1973ஆம் ஆண்டில் இதற்கு விடை கண்டார். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் படிப்படியாக வலிமை மாறும் சரிவுக் காந்தப்புலத்தைச் சேர்த்தால், இடத்திற்கேற்பச் சுழற்சியின் அதிர்வெண் மாறும். அதிர்வெண்ணைக் கொண்டு இடத்தை அறியலாம். இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்பீல்டு இத்துறையில் கணித முறைகளையும் விரைவு முறைகளையும் வளர்த்தார். இருவருக்கும் 2003ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சைகையை வரிவரியாகத் திரட்டி, ஃபூரியர் உருமாற்றம் என்னும் கணிதத்தால் படமாக்கும் முறையை 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட மூவருள் ஒருவர் இந்திய அறிவியலாளர் அனில் குமார். மற்ற இருவர் டீட்டர் வெல்டி, ரிச்சர்டு எர்ன்ஸ்ட். இன்றைய கருவிகள் பெரும்பாலும் இவ்வழியில் வளர்ந்த முறையையே பின்பற்றுகின்றன. இம்முறையில் ஒவ்வோர் எதிரொலியும் ஒரு வரித் தரவைத் தருகிறது. ஒவ்வொரு முறையும் சரிவுப்புலத்தின் வலிமையைச் சிறிது மாற்றி அடுத்த வரி எடுக்கப்படுகிறது. 256 வரிகள் கொண்ட படத்திற்கு 256 எதிரொலிகள் தேவை.

காலம் எங்கே செலவாகிறது?

ஓர் எதிரொலியைப் பெற நூறு மில்லி விநாடி அளவே ஆகும். ஆனால், அடுத்த வரிக்காக மீண்டும் துடிப்பைச் செலுத்துமுன், சாய்ந்த புரோட்டான்கள் பழைய நிலைக்கு மீளக் காத்திருக்க வேண்டும். நீரைப் பளிச்செனக் காட்டும் படத்திற்கு இக்காத்திருப்பு ஏறத்தாழ 3 விநாடி. ஒரு முறைக்கு ஒரு வரி என்றால், 256 வரிகளுக்கு 256 × 3 = 768 விநாடிகள்; அதாவது 12 நிமிடம் 48 விநாடி. காத்திருக்கும் இடைவெளியில் உடலின் வேறு குறுக்குவெட்டுகளிலிருந்து சைகை எடுக்கலாம் என்பது உண்மையே. ஆனால் அதனால் இம்மொத்தக் காலம் குறையாது. முதுகுத்தண்டைச் சோதிக்க இத்தகைய படவரிசைகள் பல தேவை. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே நோயாளி அசைந்துவிட்டால் வரிகள் ஒன்றோடொன்று பொருந்தா. படத்தில் நிழல்கள் தோன்றும்.

சரமாக வந்த எதிரொலிகள்

செருமனியின் பிரைபர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூர்கன் ஹென்னிக், தம் உடனாய்வாளர்களான நவெர்த், பிரீட்பர்க் ஆகியோருடன் 1986ஆம் ஆண்டில் ‘ரேர்’ என்னும் சுருக்கப்பெயர் கொண்ட முறையை வெளியிட்டார். அவர்கள் பழைய எதிரொலி வரிசையைக் கையிலெடுத்தனர். அதில் ஒரு மாற்றம் செய்தனர். வரிசையில் வரும் ஒவ்வோர் எதிரொலிக்கும் முன்னர்ச் சரிவுப்புலத்தின் வலிமையை மாற்றினர். இதனால் ஒரே கிளர்ச்சியிலிருந்து பிறக்கும் எதிரொலிகள் ஒவ்வொன்றும் படத்தின் வெவ்வேறு வரியாக அமைந்தன.

சாத்தூர், சிவகாசிப் பகுதி மாணவருக்கு இதனை விளக்கப் பட்டாசே போதும். ஒற்றை வெடிகளை வெடிப்பவர், ஒவ்வொன்றையும் தனித்தனியே பற்றவைத்து, விலகிச் சென்று, வெடித்த பின் திரும்பி வந்து அடுத்ததைப் பற்றவைக்க வேண்டும். காலம் செலவாவது வெடிப்பதில் அன்று, போய் வருவதில்தான். சரவெடியிலோ திரிகள் ஒன்றோடொன்று பின்னப்பட்டிருக்கின்றன. ஒரு முறை பற்றவைத்தால் வெடிகள் வரிசையாக வெடிக்கும். பழைய முறை ஒற்றை வெடி. ஹென்னிக்கின் முறை சரவெடி.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கிளர்ச்சிக்கு 16 எதிரொலிகள் எனில், 256 வரிகளுக்கு 16 கிளர்ச்சிகள் போதும். 16 × 3 = 48 விநாடிகள். ஏறத்தாழப் பதின்மூன்று நிமிடங்கள் ஆகும் பணி, ஒரு நிமிடத்திற்கும் குறைவாக முடிகிறது. நடைமுறையில், மிச்சமான காலத்தின் ஒரு பகுதியைக் கூடுதல் நுணுக்கத்திற்கும் தெளிவிற்கும் செலவிட்டு, சில நிமிடங்களில் முன்னைவிடச் சிறந்த படத்தைப் பெறுகின்றனர். இன்று இம்முறை ‘விரைவுத் தற்சுழற்சி எதிரொலி’ என்று வழங்கப்படுகிறது. மூளை, முதுகுத்தண்டு, மூட்டுகள் ஆகியவற்றைச் சோதிக்கும் அன்றாடப் படங்கள் பல இம்முறையில் எடுக்கப்படுபவையே.

விரைவின் விலை

எந்தப் பேறும் விலையின்றி வருவதில்லை. சரவெடியின் ஓசை கடைசி வரை ஒரே அளவாக இருக்கலாம். எதிரொலிச் சரமோ போகப்போக மெலியும். ஆகவே எந்த எதிரொலியைப் படத்தின் எந்த வரிக்கு ஒதுக்குவது என்பது முக்கியமாகிறது. தரவின் நடுவரிகள் படத்தின் ஒளி நிழல் வேறுபாட்டை முடிவுசெய்கின்றன; ஓரவரிகள் விளிம்புகளின் கூர்மையைத் தருகின்றன. எந்த நேரத்து எதிரொலியை நடுவில் அமைக்கிறோமோ, அதற்கேற்பப் படத்தின் தோற்றம் அமையும். சரத்தை அளவுகடந்து நீட்டினால், மெலிந்த எதிரொலிகள் ஓரவரிகளில் அமைந்து விளிம்புகளை மங்கச் செய்யும்.

மற்றொரு விலை வெப்பம். 180 பாகைத் துடிப்பு ஒவ்வொன்றும் உடலில் சிறிது ஆற்றலைச் சேர்க்கிறது. துடிப்புகள் நெருக்கமாகப் பாயும்போது அவ்வாற்றல் வரம்பு மீறாதவாறு கருவியே கணக்கிட்டுக் கட்டுப்படுத்துகிறது. மேலும், இம்முறையில் கொழுப்பு இயல்பைவிடப் பளிச்செனத் தோன்றி அருகிலுள்ள நோய்க்குறியை மறைக்கலாம். அதனை அடக்கத் தனித் துடிப்புகள் தேவைப்படும். மிகச்சிறிய குருதிக்கசிவுகளைக் காண வேறு முறைகளே ஏற்றவை.

நன்மையும் ஒன்று உண்டு. புலத்தின் சீர்கேட்டைச் சரிசெய்வது எதிரொலியின் இயல்பு. எனவே, எலும்பு முறிவுக்கு உலோகத் தகடு பொருத்தப்பட்டவர்களிடத்தும் இம்முறை மற்ற பல முறைகளைவிட உருச்சிதைவு குறைந்த படத்தைத் தருகிறது.

தெரிந்து தெளிவோம்

காந்த ஒத்ததிர்வுக் கருவியின் காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். படம் எடுக்காத நேரத்திலும் அது இரும்பை ஈர்க்கும். இதய முடுக்கி, அறுவை மருத்துவத்தில் பொருத்திய உலோகம் ஆகியவை இருப்பின் முன்னரே தெரிவித்தல் வேண்டும். கடைசல், சாணை பிடித்தல், கம்பி மத்தாப்பு, நிப்பு போன்ற உலோகத் தொழில்களில் உழைத்தவர்கள், கண்ணில் எப்போதேனும் இரும்புத்துகள் பட்டிருந்தால் அதனை மறவாமல் கூற வேண்டும்.

ஓடும் நீர்மங்களில் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வை 1951ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து வெளியிட்டவர், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜி. சூர்யன். குருதி ஓட்டத்தைக் காந்த ஒத்ததிர்வால் அளக்கும் துறைக்கு அவ்வாய்வு ஒரு முன்னோடி.

மேலும் விரைவு

படத்தின் தரவில் ஒரு பாதிக்கும் மறுபாதிக்கும் சமச்சீர்மை உண்டு. பாதிக்குச் சற்று மிகுதியான வரிகளை மட்டும் எடுத்து, எஞ்சியவற்றைக் கணக்கிட்டு நிரப்ப இயலும். இவ்வாறு ஒரே கிளர்ச்சியில், ஒரே நீண்ட சரத்தில் முழுப்படத்தையும் ஒரு விநாடி அளவில் எடுக்கும் முறையும் உருவாயிற்று. மூச்சுக்கேற்ப அசையும் வயிற்றுறுப்புகளையும், கருவில் புரளும் குழந்தையையும் படமெடுக்க அது உதவுகிறது. பல கம்பிச்சுருள்கள் ஒரே நேரத்தில் சைகையைப் பெறும் இணைமுறை 1990களின் இறுதியிலும், குறைந்த தரவிலிருந்து முழுப்படத்தை மீட்கும் கணிதமுறை 2007ஆம் ஆண்டிலும் வந்தன. இவை எதிரொலிச் சரத்தோடு கைகோத்து, காலத்தை மேலும் குறைத்தன.

மிச்சமான காலம் யாருக்கு?

ஒருவரைச் சோதிக்க 45 நிமிடம் ஆனால், எட்டு மணி நேரத்தில் ஒரு கருவியால் பத்துப் பேரைச் சோதிக்கலாம். அது 20 நிமிடமாகக் குறைந்தால் 24 பேரைச் சோதிக்கலாம். காந்தம் அதுவே, அறை அதுவே, துடிப்புகளின் வரிசை மட்டுமே மாறியது. அவ்வரிசை மாற்றத்தால், வேறொரு நாள் வருமாறு திருப்பி அனுப்பப்படும் பதினான்கு பேருக்கு அன்றே விடை கிடைக்கிறது. ஒரு நாள் கூலியை இழந்து மதுரைக்கோ விருதுநகருக்கோ பயணம் செய்து வரும் உழைப்பாளிக்கு அந்த வேறுபாடு சிறியதன்று.

சாத்தூரின் அத்தொழிலாளி இப்போது கருவியினுள் படுத்திருக்கிறார். வலியைப் பொறுத்துக்கொண்டு சில நிமிடங்கள் அசையாதிருக்கிறார். திரையில் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீர் வெண்மையாகத் தெரிகிறது. நலமான வட்டுகளின் நடுப்பகுதி நீர் நிறைந்து ஒளிர்கிறது. கீழே ஒரு வட்டு மட்டும் நீர் வற்றிக் கருத்து, பின்னோக்கிப் பிதுங்கி நரம்பைத் தொடுகிறது. மருந்தும் உடற்பயிற்சியும் போதுமா, அறுவை தேவையா என்பதை முடிவுசெய்ய மருத்துவருக்குச் சான்று கிடைத்துவிட்டது.

1950ஆம் ஆண்டில் ஹான் கண்ட எதிரொலி, எந்த நோயாளியையும் எண்ணிச் செய்த ஆய்வின் விளைவன்று. அணுக்கருவின் இயல்பை அறியும் ஆர்வத்தில் பிறந்தது. அதனை வரிசையாக்கியவர், செம்மைப்படுத்தியவர், படமாக்கியவர், சரமாகக் கோத்தவர் எனப் பல நாட்டினர் பல ஆண்டுகள் உழைத்தனர். ஒருவர் ஏற்றிய திரி மற்றவரிடம் பரவிய அவ்வரலாறும் ஒரு சரமே. இன்று உடலின் உள்ளே காண விழையும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் அச்சரம் ஒலித்துக்கொண்டிருக்கிறது.